ஐயாயிரத்துக்கு மேல்

கலண்டர் தாளின் முதுகில்தான்
எங்கள் வீட்டு மாதம் நடக்கிறது.
முன்பக்கம் நல்லநேரம், இராகுகாலம்.
பின்பக்கம் பருப்பு ஒன்றரைக் கிலோ, சீனி இரண்டு,
புதன் சோயா மீற், வியாழன் வேலி முருங்கை,
வெள்ளி மரக்கறி என்பதால்
சாமிக்கும் லாபம், எனக்கும் லாபம்.
பால்மாவுக்கு நேரே மட்டும் விலை இல்லை,
ஒரு கேள்விக்குறி.

சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.
முப்பத்தொரு நாள் மாதங்களைக் கண்டுபிடித்தவன்
ஒருநாளும் அரிசி வாங்கப் போயிருக்க மாட்டான்.

கூப்பன் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வந்தது.
மகனின் கத்தரிக்கோலால்
புள்ளிக்கோடு பிசகாமல் வெட்டினேன்.
ஐயாயிரத்துக்கு மேல் வாங்கினால் ஐந்நூறு கழிவு.
ஒரு குடும்பத்துக்கு ஒன்று.
முன்பெல்லாம் கூப்பனுக்கு அரிசி கொடுத்தார்களாம்,
இப்போது அரிசி வாங்கினால்தான் கூப்பன் செல்லும்.

ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிக்கு நடந்தே போனேன்.
ஓட்டோ பிடித்தால் கழிவில் பாதி ஓட்டோக்காரனுக்கு.
போக நடை, வர பஸ்.
அதுவும் தாளில் இருக்கிறது.

எழுதியதெல்லாம் கூடைக்குள் வந்தபின்
கைபேசியில் கூட்டினேன்:
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.

ஐந்நூறை மிச்சம்பிடிக்க
இன்னும் இரண்டாயிரத்து நூற்று அறுபது செலவழிக்க வேண்டும்.
ஜாம் போத்தலை எடுத்தேன். வைத்தேன்.
கிதுர்ஷன் பாணைக் கையில் வைத்துக்கொண்டு
பார்க்கிற பார்வை நினைவுக்கு வர
திரும்ப எடுத்தேன்.
வைத்தேன்.
தூண்டிலில் கோர்த்திருக்கிற இரையும்
நம்மட காசுதான்.

வரிசையில் பின்னால் நின்றவ
என் கூப்பனை என்னைவிடக் கவனமாக வாசித்திருக்கிறா.
"என்ட சாமான் ரெண்டாயிரத்தி நூத்தித் தொண்ணூறு வருது.
ஒரே பில்லாப் போடுவமா, கா?"

கெஷியர்ப் பிள்ளை தலையை நிமிர்த்தியது.
என் சேலை. அவவின் அபாயா.
"ஒரு குடும்பத்துக்கு ஒண்டுதான் மிஸ்.
நீங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பமா?"

"ஓம்" என்றேன்.
அவ எனக்கு முந்தியே சொல்லிவிட்டிருந்தா.
பிள்ளை சிரிக்கவில்லை. பின்னால் ஏழு பேர்.
மெஷின் கீச்சென்று பில்லைத் துப்பியது.

வெளியில், சைக்கிள்கள் நிற்கிற இடத்தில்
குடும்பம் உடனே பாகம் பிரித்தது.

"கூப்பனை வெட்டினது நான். உங்களுக்கு இருநூறு."
"என்ட சாமான் இல்லாட்டி அது வெறும் பேப்பர்தானே. பாதி."
சரியாகக் கணக்குப் பார்த்தால்
எனக்கு இருநூற்று எண்பத்திரண்டு.
சொன்னேன், கைபேசியையும் நீட்டினேன்.
அவ பார்க்கவில்லை.
தன் பருப்பையும் என் பருப்பையும்
வேறுவேறாக்கிக் கொண்டிருந்தா,
இரண்டும் ஒரே சாக்குப் பருப்பு.
வெயில் ஏறியது. பாதி என்று முடிந்தது.

மறுகாதான் பையின் அடியில் கண்டோம்,
பில்லோடு இலவசமாக ஒரு சவுக்காரம்.
கத்தியால் வெட்டலாம் என்றா.
வெட்டினால் சீக்கிரம் கரையும் என்றேன்.
"அப்ப இது என்னிட்ட இருக்கட்டும்.
அடுத்த கூப்பனுக்கு வாற சவுக்காரம் உங்கட."
அடுத்த கூப்பன் வருமா என்று நான் கேட்கவில்லை.
பேர் ஸரூபா என்றா. நம்பர் தந்தா.
இருபது ரூபாய் மாற்றில்லை, அதையும் பிறகு என்றா.

இரவு தாளைத் திருப்பினேன்.
கூப்பன், இருநூற்று ஐம்பது. பஸ், முப்பது.
தோளுக்கு மேலால் அவர் எட்டிப் பார்த்தார்.
"இதென்ன, சவுக்காரம் அரை?"
"வரவேண்டி இருக்கு."
"ஆரிட்ட இருந்து?"
"குடும்பத்துக்குள்ளதான்" என்றேன்.

பால்மாவின் கேள்விக்குறி அப்படியே நின்றது.
அதன் பக்கத்தில் பென்சிலால், மெல்லமாக,
ஸரூபாவிடம் விலை கேட்க என்று எழுதினேன்.